பூசணிக்காய் போட்ட வரிசை

பிச்சாண்டி இடைவேளைக்கு முன்னால் செத்தான். இடைவேளைக்குப் பிறகு எழுந்து பார்த்தபோது ரேஷன் கடை வரிசையில் அவன் இடம் போயிருந்தது. அவனுக்குப் பின்னால் நின்றவர்கள் அவனைத் தாண்டி வந்து பாமாயில் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. படத்தில் சீன்கள் எந்த வரிசையில் வருகின்றனவோ, நடித்தவன் பிழைப்பும் அந்த வரிசையில்தான் நடக்கும். நடிகர் சங்க உறுப்பினர் அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முதல் காட்சிதான் கணக்கு. ஹீரோக்களுக்குக் கவலையில்லை, அவர்களுக்குக் கடைசி சீனில் கல்யாணம் ஆகிவிடும். சாவதெல்லாம் பிச்சாண்டி மாதிரி ஆட்கள்தான். அதற்கென்றே சினிமாக்காரர்கள் குடியிருக்கும் வளசரவாக்கத்தில் இப்படிப்பட்ட ஆட்களை வைத்திருக்கிறார்கள்.

இருபத்தாறு வருஷமாக அவன் செய்து வந்தது ஒரே வேஷம். கதவைத் திறந்துகொண்டு வருவான். "ஐயா, உங்களைப் பாக்க யாரோ வந்திருக்காங்க" என்பான். போய்விடுவான். நூற்றுப்பன்னிரண்டு படங்களில் இதைச் சொல்லியிருக்கிறான். வந்தது யார் என்று ஒரு படத்திலும் அவனுக்குச் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவனுக்கு 'நான்காவது பட்டன்' என்ற கொலைப் படத்தில் தையல்காரர் வேஷம் கிடைத்தது. டைரக்டர் பெயர் ஆதிரையன். அவனே வைத்துக்கொண்ட பெயர். கழுத்தில் எப்போதும் ஒரு மப்ளர், சென்னை வெயிலில்.

"நீங்க ஒரு கொலைகாரனுக்குச் சட்டை தைக்கிறீங்க" என்றான் ஆதிரையன். "அவன் யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோகுது. உங்க கத்தரிக்கோலாலயே உங்களைக் குத்திடறான். நாலு நிமிஷம் சாகறீங்க. ஃபுல் க்ளோசப்."

"செத்தாலும் பரவாயில்ல சார்" என்றான் பிச்சாண்டி.

சினிமாக்காரர்கள் எல்லோரும் சொல்கிற பேச்சுதான் அது. இவன் கையெழுத்தும் போட்டுவிட்டான்.

அவன் மனைவி தவமணி ஒரு தனியார் பள்ளியில் தலைமை எழுத்தர். விவரமானவள். விவரமானவள் இவனை ஏன் கட்டிக்கொண்டாள் என்று கேட்காதீர்கள், அதை அவளே ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

"நாலு நிமிஷத்துக்காக யாராவது உசுர விடுவாங்களா?"

"க்ளோசப் தவமணி."

"உங்க மூஞ்சிக்கு எதுக்குங்க க்ளோசப்? நான் பாக்கலியா தினமும்?"

"நீ பாத்து என்ன ஆகப்போவுது?" என்றான் பிச்சாண்டி. இதைச் சொன்ன வாய்க்கு அன்று ராத்திரி அவள் தோசைதான் ஊற்றிப் போட்டாள். அவள் குணம் அப்படி.

ஷூட்டிங் முடிந்தது. கடைசி நாள் பூசணிக்காய் உடைக்க வேண்டும். சினிமாவில் மூளை இல்லாமல் படம் எடுப்பார்கள், பூசணிக்காய் இல்லாமல் முடிக்க மாட்டார்கள். சாமி படத்துக்கு முன்னால் ஒரு ஸ்டூல் போட்டு, ஐம்பத்திரண்டு சீன்களையும் அட்டை அட்டையாக எழுதி அடுக்கி, மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். எடிட்டிங்குக்குப் போகுமுன் ஆசீர்வாதம் வாங்கவேண்டுமல்லவா. தயாரிப்பாளர் வரதப்பன் பூசணிக்காய் மேல் கற்பூரம் ஏற்றிச் சுற்றினார். செங்கல் சூளைக்காரர், முரட்டுக் கை. சுற்றிய வேகத்தில் காய் கைநழுவி ஸ்டூல் மேல் விழுந்தது. ஐம்பத்திரண்டு அட்டைகளும் ஃப்ளோர் முழுக்கப் பறந்தன.

லைட்மேன்கள் பொறுக்கினார்கள். கைக்கு வந்தபடி அடுக்கினார்கள். ஆதிரையன் பதறிக்கொண்டு ஓடி வந்து வரிசைப்படுத்தப் போனான்.

"தொடாதே" என்றார் வரதப்பன்.

"சார், கதை கலைஞ்சுபோச்சு சார்."

"சாமி காலடில வெச்சது. பூசணிக்காய் விழுந்து கலைஞ்சிருக்கு. இதான் வரிசை. போன ரெண்டு படத்துலயும் பூஜை போட்ட டைட்டில மாத்தினேன், ரெண்டும் ஊத்திக்கிச்சு. அட்டைய எவனாவது தொட்டான், சூளைல வெச்சிடுவேன்."

ஆதிரையன் அழுதான். மப்ளரால் துடைத்துக்கொண்டான். அது ஒன்றுக்குத்தான் அந்த மப்ளர் பயன்பட்டது.

அப்படியே வெட்டி ஒட்டினார்கள். கொலைகாரன் பிடிபடுவது முதல் சீன். பிச்சாண்டி சாவது பத்தொன்பதாவது. அவன் யார், என்ன தொழில் என்று சொல்கிற சீன் முப்பத்தேழாவது. கடைசி சீனில் அவன் கடை வாசலில் நின்று டீ குடித்துவிட்டு, "நாளைக்கு வாங்க, பட்டன் மட்டும்தான் பாக்கி" என்கிறான். படம் முடிகிறது. அதனால்தான் ரேஷன் கடையில் செத்தவன் எழுந்து வீட்டுக்கு நடந்தான்.

தவமணி கதவைத் திறந்தாள். சட்டையில் இருந்த ஓட்டையைப் பார்த்தாள். உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். வயிறு முழுசாக இருந்தது. பூஜை அறைக்குப் போய் ஒரு முழுப் பூசணிக்காயை வைத்துக் கும்பிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் பூசணிக்காய் சமைப்பதில்லை.

செத்தவன் வீட்டில் இருப்பதென்றால் சும்மா இருக்க முடியாது. சான்றிதழ் வேண்டும். மறுநாள் இருவரும் உயிர் நீட்டிப்பு அலுவலகத்துக்குப் போனார்கள். நடைபாதை நீளமானது. நடக்க நடக்க இன்னும் நீண்டது. காலையில் கிளம்பியவர்கள் மத்தியானச் சாப்பாட்டை நடைபாதையிலேயே முடித்தார்கள். நீளுவது நின்ற இடத்தில் ஒரு ஜன்னலும், ஜன்னலில் ஓர் அம்மாளும் இருந்தார்கள்.

"எத்தனையாவது சீன்ல செத்தீங்க?"

"பத்தொன்பது."

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"டீ குடிச்சேன்."

"சர்க்கரை போட்டா?"

"போட்டுத்தான்."

"சுகர் இருக்கா?"

"இல்ல மேடம்."

"செத்தவங்க எல்லாரும் இல்லன்னுதான் சொல்றாங்க" என்று அலுத்துக்கொண்டு முத்திரை குத்தினாள். "அடுத்த வெளியீடு வரைக்கும் செல்லும். டிவில போட்டா புதுசா எழுதிக் குடுக்கணும்."

தவமணி சான்றிதழை நாலாக மடித்துத் தாலியோடு முடிந்துகொண்டாள்.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. இப்படி ஒரு கதை சொல்லும் முறையைத் தமிழ்நாட்டில் யாரும் கண்டதில்லை என்றார்கள். ஒருத்தன் ஐம்பத்திரண்டு சீன்களையும் வட்டமாக வரைந்து காலம் ஒரு பட்டன் என்று நிரூபித்தான். இன்னொருத்தன் அதை மறுத்து, காலம் என்பது பட்டன் ஓட்டைதான் என்று எழுதினான். இரண்டு கோஷ்டிகளாகப் பிரிந்து டீக்கடைகளில் அடித்துக்கொண்டார்கள். படித்தவர்கள், கண்ணாடி போட்டவர்கள். பூசணிக்காயின் மூளையை மெச்ச இவ்வளவு பேர்!

வெற்றி விழாவில் ஆதிரையன் மைக்கைப் பிடித்தான்.

"இந்த வரிசைக்காகப் பதினோரு வருஷம் தவம் இருந்தேன்" என்றான்.

அவன் சொன்ன ஒவ்வொரு பொய்க்கும் மேடை ஓர் அடி உயர்ந்தது. அது மேடைகளின் வழக்கம். ஒவ்வொரு சீனையும் ஏன் அங்கே வைத்தேன் என்று விளக்கினான். முடிக்கும்போது அவன் தலை கூரையில் இடித்தது. தீயணைப்பு ஏணி வைத்து இறக்கினார்கள். அப்போதும் கை தட்டினார்கள்.

பிச்சாண்டி பதினான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். நாலு நிமிஷச் சாவைப் பற்றி யாராவது பேசுவார்கள் என்று காத்திருந்தான். யாரும் பேசவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் தானே கேட்டான்.

"அந்தத் தையல்காரர் சாகற சீன் எப்படி இருந்துச்சு?"

"எந்தத் தையல்காரரு?"

"பத்தொன்பதாவது சீன் சார். கத்தரிக்கோல்."

"ஓ, அதுவா. யாரோ ஒருத்தன் செத்துக்கிட்டே இருந்தான். யாருன்னே தெரியல. நான் அந்த கேப்ல பாப்கார்ன் வாங்கப் போயிட்டேன்."

உண்மைதான். பத்தொன்பதாவது சீனில் அவன் யாரென்று தியேட்டரில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாதவன் செத்தால் யார் அழுவார்கள்? அவன் யாரென்று தெரிய வரும்போது டீ குடித்துக்கொண்டிருக்கிறான். வரிசை கலைந்ததால் படத்துக்குப் பெயர் வந்தது, டைரக்டருக்குப் பெயர் வந்தது, இவனுக்கு உயிர் வந்தது. இவனுக்கு அது போதவில்லை. வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"உசுரோட இருக்கீங்கல்ல?" என்றாள் தவமணி.

"இருந்து?" என்றான்.

தை பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது தொலைக்காட்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் யாழினி. கையில் ஒரு படிவம். நாற்காலியில் உட்காராமல் நாற்காலியை ஒரு தடவை சுற்றி வந்து நின்றுகொண்டாள்.

"பொங்கல் அன்னிக்குக் காலைல பத்தரைக்குப் படம் போடறோம் சார். வீட்ல இருக்கறவங்களுக்கு இந்த வரிசை புரியாது. அதனால நேரா அடுக்கிட்டோம். முதல்ல தையல் கடை, அப்புறம் சட்டை, கடைசில உங்க கொலை. கொலைகாரன் பிடிபடறத நீளத்துக்காக எடுத்துட்டோம்."

தவமணி தாலியில் முடிந்திருந்த சான்றிதழை எடுத்துப் பிரித்தாள்.

"பயப்படாதீங்கம்மா" என்றாள் யாழினி. "விளம்பரத்துக்கு இன்னும் நாலு நிமிஷம் பத்தல. கொலை சீன் சரியா நாலு நிமிஷம். சார் இங்க கையெழுத்துப் போட்டா அத எடுத்துடலாம். சட்டைய வாங்க ஆள் வர்றான், கதவு சாத்துது, அதோட படம் முடிஞ்சுடும். சார் தாராளமா இருக்கலாம்."

"போடுங்க" என்று தவமணி பேனாவை எடுத்து அவன் கையில் வைத்தாள். "போடுங்கங்க."

பிச்சாண்டி பேனாவைப் பிடித்தான். படிவத்தைப் பார்த்தான்.

"நேரா அடுக்கினா, நான் சாகும்போது நான் யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், இல்ல?"

"முதல் சீன்லேருந்து நீங்கதான் சார் வர்றீங்க. எங்க ஆஃபீஸ்ல போட்டுப் பாத்தோம். வாட்ச்மேன்லாம் அழுதுட்டாரு."

"வாட்ச்மேன் அழுதாரா?"

"தேம்பித் தேம்பி."

பிச்சாண்டி பேனாவை மூடினான்.

"ஒரு ஃப்ரேம்கூடக் குறைக்கக் கூடாது" என்றான். "விளம்பரத்த வேற எங்கயாவது போட்டுக்கங்க."

அடப்பாவி! இருபத்தேழு வருஷம் ஒரு பெண் இவனுக்குச் சமைத்துப் போட்டிருக்கிறாள், முதுகுக்குத் தைலம் தேய்த்துவிட்டிருக்கிறாள், வேலையில்லாத நாட்களில் வீட்டுப் பாட்டை ஒற்றை ஆளாகப் பார்த்திருக்கிறாள். முகம் தெரியாத ஒரு வாட்ச்மேன் அழுதானாம், இவன் கிளம்பிவிட்டான்.

தவமணி பத்து நாளும் கேட்டுப் பார்த்தாள். கெஞ்சினாள், திட்டினாள், ஒரு நாள் காலில்கூட விழுந்தாள். அவன் கண்ணாடி முன்னால் நின்று சட்டை தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தான்.

பொங்கல் அன்று காலை அக்கம்பக்கத்தார் எல்லோரும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். நடித்தவனோடு உட்கார்ந்து படம் பார்ப்பதில் ஒரு பெருமை. மாடி வீட்டு கோமதிநாயகமும் வந்தார். ஓய்வு பெற்றதிலிருந்து அவர் தன் வீட்டு வாசலில் காலிங்பெல்லாகத்தான் இருக்கிறார். பண்டிகை நாட்களில் மட்டும் இறங்கி வருவார். வந்ததும் ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

படம் ஓடியது. தையல்காரர் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தைத்தார், ஓசியில் காஜா எடுத்துக் கொடுத்தார், டீ குடித்தார். கூடம் முழுக்க அவரைப் பிடித்துப்போயிற்று. "எவ்வளவு நல்ல மனுஷன்!" என்றாள் எதிர் வீட்டம்மா. பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்திருந்த பிச்சாண்டியிடம் பதினாறு வருஷத்தில் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

சட்டையை வாங்க ஆள் வந்தான். கதவு சாத்தியது. கத்தரிக்கோல் இறங்கியது.

சோபாவில் பிச்சாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டான். டிவியில் இருந்தவனும் பிடித்துக்கொண்டான். கூடத்தில் அழுகை கிளம்பியது. எதிர் வீட்டம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கோமதிநாயகம் மூக்கை உறிஞ்சினார். நாலு வயசுக் குழந்தை முதல் எல்லோரும் டிவியைப் பார்த்து அழுதார்கள். பிச்சாண்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். வலியிலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. இருபத்தாறு வருஷம் காத்திருந்தது இதற்குத்தான்.

கடைசியாகத் தவமணியைப் பார்த்தான். அவள் டிவியைப் பார்க்கவில்லை. தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து, அவன் வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க பாரு" என்றான் பிச்சாண்டி. "க்ளோசப் வருது."

"பாத்துட்டுதாங்க இருக்கேன்" என்றாள்.

"இங்க இல்லடி. அங்க."

அவள் திரும்பவில்லை. இவளுக்கு எப்போதுமே ரசனை கிடையாது என்று நினைத்தான். அதைச் சொல்ல வாயைத் திறந்தான். நாலு நிமிஷம் முடிந்தது.

தவமணி அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவன் பெயரைச் சொன்னதில்லை. ஓங்கி, தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஷ்ஷ்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள் எதிர் வீட்டம்மா. "செத்துட்டாரும்மா பாவம். கொஞ்சம் சும்மா இரு."

கோமதிநாயகம் ரிமோட்டை நீட்டிச் சத்தத்தைக் கூட்டினார்.