அட்ஜஸ்ட்

மௌலா அலியில் தன் வீட்டு மாடிக்கு அரசு அலுவலகம் வாடகைக்கு வந்தபோது தியோடர் தெருவெல்லாம் லட்டு கொடுத்தார். இப்போது அந்த மாடிக்குக் கீழே உட்காரவே அவருக்குப் பயம். ஆபத்தான கட்டடங்களைக் கண்டுபிடித்து ஆட்களை வெளியேற்றுவதுதான் அந்த அலுவலகத்தின் வேலை. அதன் கோப்புகளைச் சுமந்த இரும்பு அலமாரிகளின் பாரத்தில், இந்தக் கட்டடமும் அந்த வகையில் சேர்ந்துகொண்டிருந்தது.

கனமான எதையும் ஏற்றக் கூடாது என்று குத்தகைப் பத்திரத்தில் தெளிவாக இருக்கிறது. விரிசல் அதைப் படிக்கவில்லை. ஹால் கூரையில் கிளம்பி ஃபேன் கொக்கிவரை வந்துவிட்டது. காரை உதிரும் சத்தம் கேட்டாலே தியோடர் வாசலுக்கு ஓடினார். அவர் மனைவி மெட்டில்டா ஸ்கூட்டர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஜெபம் செய்தாள்.

"மேல போய்க் கேக்க வேண்டியதுதானே? எதுக்கு இந்த பயம்?"

"கேட்டா நம்ம வீட்டு மேலயே நோட்டீஸ் ஒட்டிருவான் மெட்டில்டா. ஆபத்தான கட்டடம்னு நம்மளத்தான் தொரத்துவான்."

கடைசியில் கொண்டாப்பூரிலிருக்கும் வக்கீல் கல்பகத்திடம் போனார்கள். அவள் கோயம்புத்தூர்க்காரி.

"ஒப்பந்தத்தை மீறிட்டாங்கன்னு குத்தகையை முறிச்சு நோட்டீஸ் குடுக்கலாமுங்க. கேஸ் போடறதுன்னா எதிராளி சர்க்காரு, ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லணும்."

"கூரை ரெண்டு மாசம் காத்திருக்குமாம்மா?"

"காத்திருக்காதுன்னா, அவசரம்னு கோர்ட்ல அனுமதி கேட்டு உடனே போடலாமுங்க. பாரத்த எறக்கச் சொல்லிக் கேக்கலாம். நீங்களா மட்டும் பூட்டுப் போட்றாதீங்க, கேஸு உங்க மேல திரும்பிரும். மொதல்ல நோட்டீஸ் போகட்டும். கையெழுத்துப் போட்டு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிருங்க."

அந்த ஆங்கில நோட்டீஸில் 'வெகேட்' என்ற சொல்லைப் பார்க்கப் பார்க்க தியோடருக்கு வியர்த்தது. சர்க்காரைப் பார்த்து வெளியே போ என்பதா? ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து அதை 'கைண்ட்லி அட்ஜஸ்ட்' என்று மாற்றி அடித்து, தானே மாடிக்குக் கொண்டுபோனார்.

அதிகாரி வேணுகோபால் சித்தூர்க்காரர், தமிழ் தெரிந்தவர். படித்துவிட்டுச் சிரித்தார். "இதுக்கா சார் காயிதம்? அட்ஜஸ்ட்தானே, பண்ணிட்டா போச்சு."

அன்று மத்தியானமே தலைக்கு மேல் இரும்பு கரகரவென்று இழுபட்டது. தியோடர் சுவரோடு ஒட்டி நின்றார். சத்தம் ஹாலைத் தாண்டி, படுக்கையறைக்கு மேலே போய் நின்றது. வேணுகோபால் படியில் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

"ஹால் மேல ஒண்ணுமே இல்ல சார். இப்ப சந்தோஷந்தானே?"

அவர் மேலே போய்ச் சேர்வதற்குள் படுக்கையறையில் பொத்தென்று ஏதோ விழுந்தது. உள்ளங்கை அகலக் காரை ஒன்று மெட்டில்டாவின் தலையணைக்கு நடுவே கிடந்தது. மெட்டில்டா அதைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், ஹெல்மெட்டின் வாரை இறுக்கிக்கொண்டாள்.

மறுபடி கொண்டாப்பூர் போனபோது, கல்பகம் அந்தக் காகிதத்தின் நகலை இரண்டு முறை படித்தாள். "சட்டத்துல அட்ஜஸ்ட்னு ஒரு வழியே இல்லீங்க. நீங்க கேட்டத அவங்க செஞ்சு குடுத்துட்டாங்க."

"அவசர கேஸே போடுங்க."

"வீட்டு மேல நோட்டீஸ் ஒட்டுவாங்கன்னு பயந்தீங்களே?"

"ஒட்டட்டும்மா. ஒட்டறதுக்கு செவுரு நிக்கணுமே."

மனுவில் 'வெகேட்' நான்கு இடங்களில் இருந்தது. தியோடர் கையெழுத்துப் போட்டார். பிறகு மெல்லக் கேட்டார்: "ஒரே ஒரு இடத்துல முன்னால 'கைண்ட்லி' சேத்துக்கவா?"

மெட்டில்டா அவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி மடியிலிருந்த ஹெல்மெட்டுக்குள் போட்டாள்.