தூணுக்குப் பின்னால் கேட்ட சிரிப்பு

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். கை வலிக்காமல் குத்துவாள், ஆனால் வாய் சும்மா இருக்காது. "நேத்து என்ன சாப்பிட்டீங்க, ஏன் தூங்கல, வீட்ல யாரோட சண்டை?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் குப்பி நிறைந்துவிடும். ஒரு விஷயம் பாதி தெரிந்து பாதி தெரியாமல் இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

அப்படிப்பட்டவள் முப்பத்தோரு வருடமாக ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு திரிந்தாள்.

பத்தொன்பது வயதில் அக்காவோடும் அத்தானோடும் 'நதிக்கரை ராணி' என்ற இசை நாடகத்துக்குப் போயிருந்தாள். அக்காவுக்கு அப்போது கல்யாணமாகி நாலு மாதம். கிடைத்த மூன்று டிக்கெட்டில் இரண்டு முன்வரிசையில் வலது ஓரம். மூன்றாவது எங்கோ பின்னால், ஆள் கட்டிப்பிடிக்க முடியாத ஒரு தூணுக்கு நேர் பின்னே. புதுப்பெண்ணையும் மாப்பிள்ளையையும் பிரித்து உட்காரவைக்க முடியுமா? தூண் இவள் தலையில் விழுந்தது.

கழுத்தை எப்படித் திருப்பினாலும் மேடையின் இடது பாதிதான் தெரிந்தது. இடைவேளைக்குச் சற்று முன் படகுக்காரன் ராணியிடம் விடைபெறும் பாட்டு. படகு இடப்பக்கம். ராணி உட்கார்ந்து அழுத படித்துறை வலப்பக்கம், தூணுக்குப் பின்னால். அவன் பாடப் பாட இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். அந்த நேரம் பார்த்து அரங்கமே கொல்லென்று சிரித்தது. படகுக்காரன் பாட்டை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தபடி வலப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

எதற்குச் சிரித்தார்கள்? இடைவேளையில் அக்கா தனியாகத்தான் நின்றாள். "அவர் வெளிய காத்து வாங்கப் போயிருக்கார்" என்றாள். "என்னக்கா ஆச்சு அங்க?" என்று இவள் கேட்டதற்கு, படகோட்டியின் தலைப்பாகை அவிழ்ந்துவிட்டது என்றாள். தலைப்பாகை அவிழவில்லை, இவளே பார்த்தாள். இரண்டு வருடம் கழித்துக் கேட்டபோது மேடையில் பூனை ஓடியது என்றாள். அதற்கப்புறம், "எனக்கு ஞாபகம் இல்ல, ஆளை விடு" என்பதோடு சரி. அத்தானிடம் கேட்கத் துணிச்சல் வரவில்லை. அவர் எடைக்கல் சோதிக்கும் அதிகாரி. புன்னகையைக்கூடக் கிராம் கணக்கில்தான் தருவார். குடும்பத்தில் அவருக்குப் பட்டப்பெயரே தராசு.

இப்போது அதே நாடகத்தைப் புது நடிகர்களோடு, அதே அரங்கில் மறுபடி போடுகிறார்கள் என்று சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். ஊசியக்கா சனிக்கிழமை மதியக் காட்சிக்கு டிக்கெட் எடுத்தாள். அத்தான் முழங்கால் வலி என்று கழன்றுகொண்டார். அக்கா வந்தாள்.

தூண் அப்படியே இருந்தது. அதன் பின்னால் இருந்த நாற்காலியைத்தான் எடுத்துவிட்டு, தீயணைப்பு வாளி ஒன்றை மாட்டியிருந்தார்கள். இந்தமுறை நட்டநடு இருக்கை. படகுக்காரன் பாட்டு தொடங்கியதும் ஊசியக்கா வலப்பக்கத்தைக் கண்கொட்டாமல் பார்த்தாள். ராணி படியில் உட்கார்ந்தாள். அழுதாள். அவ்வளவுதான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

அப்படியானால் அன்றைக்குக் கேட்ட சிரிப்பு நாடகத்தில் இருந்ததல்ல!

இடைவேளையில் அக்கா டீ வாங்கப் போனாள். முன்கூடத்தில் ஒரு பலகை வைத்து, 'அன்று பார்த்தவர்கள் நினைவில் நிற்பதை எழுதுங்கள்' என்று போட்டிருந்தார்கள். குண்டூசி குத்திய மஞ்சள் சீட்டுகள் பலகை முழுக்க. ஊசியக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் சீட்டிலிருந்து ஆரம்பித்தாள். ஒருவருக்குப் படகின் சக்கரம் கிரீச்சிட்டது ஞாபகம். ஒருவருக்கு முன்னால் இருந்த பெண்மணியின் கொண்டை மட்டுமே ஞாபகம். ஒரு கணவனும் மனைவியும் ஒரே சீட்டில் ராணியின் சேலை பச்சை, நீலம் என்று சண்டை போட்டிருந்தார்கள். கீழ்வரிசையில், சாய்ந்த கையெழுத்தில் ஒன்று:

'ராணி அழுதபோது முன்வரிசை வலது ஓரத்திலிருந்து மீசைக்கார இளைஞர் ஒருவர் எழுந்து போய்க் கைக்குட்டையை நீட்டினார். எல்லோரும் சிரித்தோம். ராணி அதை வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மனிதர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.'

முன்வரிசை. வலது ஓரம். மீசை.

"டீ ஆறுது, வாடி" என்று பின்னால் அக்காவின் குரல். ஊசியக்கா திரும்பினாள். அக்காவின் பார்வை சீட்டில் விழுந்தது.

"அக்கா!"

"சத்தியம் வாங்கிட்டார்டி. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு. நான் சொன்னேன்னு சொல்லிடாதே."

மீதி நாடகம் ஊசியக்காவின் கண்ணில் பட்டதே தவிர மண்டையில் ஏறவில்லை. காட்சி முடிந்ததும் நேரே அக்கா வீட்டுக்குப் போனார்கள். அத்தான் சாப்பாட்டு மேசையில் சமையலறைத் தராசைப் பிரித்துப்போட்டுத் திருகாணியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"அத்தான், அன்னிக்குக் கைக்குட்டை குடுத்தது நீங்கதானா?"

அத்தான் மனைவியைப் பார்த்தார். மனைவி தண்ணீர்க் குழாயைப் பார்த்தாள்.

"இவ சொன்னாளா?"

"இல்ல. அரங்கத்துப் பலகையில எழுதிப் போட்டிருக்காங்க. உங்க மீசை உள்பட."

அவர் திருகாணியைக் கீழே வைத்தார்.

"நாடகம்னு எனக்குத் தெரியாதாம்மா? தெரியும். ஆனா நாலடி தூரத்துல ஒருத்தங்க அழறாங்க. மூக்கு நுனியெல்லாம் செவந்துபோச்சு. இத்தனை பேர் உக்காந்து பாத்துட்டே இருக்கோமேன்னு தோணிச்சு. கால் முதல்ல எழுந்துடுச்சு, மூளை அப்புறம்தான் வந்துச்சு. சிரிப்பு கேட்டதும் காது ரெண்டும் சுட்டுது. நேரா வாசலுக்கு நடந்துட்டேன். நாடகம் முடியற வரைக்கும் ரோட்லதான் நின்னேன்."

காரணம் தெரிந்தால் தனக்கும் சிரிப்பு வரும் என்றுதான் ஊசியக்கா இத்தனை வருடம் நினைத்திருந்தாள். வரவில்லை.

அத்தான் தொண்டையைச் செருமினார். "அப்புறம்... என்ன ஆச்சு?"

"எப்போ?"

"நான் வெளிய போனதுக்கப்புறம். அந்தம்மா பாடினாங்களா? பாட்டைக் கெடுத்துட்டேனோன்னு..."

"அக்காவைக் கேட்டிருக்கலாமே?"

"என்னைக் கேட்டு?" என்றாள் அக்கா. "இவர் போனதும் வெக்கத்துல குனிஞ்ச தலைதான். எனக்கு என் செருப்பு மட்டும்தான் ஞாபகம்."

ஊசியக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இவரும் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார், கேட்கத்தான் வழியில்லை.

"எனக்கு ராணி இருந்த பக்கம் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல அத்தான், காதுதான். சிரிப்பு அடங்கிச்சு. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் ராணி குரல் வந்துச்சு. ரொம்பத் தாழ்ந்து, பக்கத்துல இருக்கறவங்ககிட்டச் சொல்ற மாதிரி. முதல் வரி உடைஞ்சுது. ரெண்டாவது வரியில நிமிர்ந்துச்சு. ஒரு இருமல் கேக்கணுமே! முடிச்சப்போ கைதட்டக்கூட யாருக்கும் தோணல. அப்புறம் தட்டினாங்க பாருங்க, படகுக்காரன் கிளம்ப முடியாம நின்னான். இன்னிக்கு இந்தப் பொண்ணும் நல்லாத்தான் பாடுது. ஆனா அது வேற."

"கெடலையா?"

"கெடறதா! நான் தூணுக்குப் பின்னால உக்காந்து அழுதேன்."

அத்தான் தராசுத் தட்டைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பிறகு, ஏதோ நினைவு வந்ததுபோல, "கடைசில ராணி படகுல ஏறினாங்களா?" என்றார்.

ஊசியக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அக்கா கையால் பொத்தினாள். "சொல்லாதடி! வந்து பாக்கட்டும்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூவரும் போனார்கள். முழங்கால் வலியைப் பற்றி யாரும் பேசவில்லை. பாட்டு வந்தபோது அக்கா தன் புருஷனின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். அவர் எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார். ஆனால் இடைவேளைக்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. "இந்த மந்திரி யாரு? இவன் எப்போ வந்தான்? கடிதத்தை ஏன் ஒளிச்சு வெக்கிறான்?" என்று உரக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார். முன்னால் இருந்தவர்கள் இரண்டு தரம் திரும்பி முறைத்தார்கள். ராணி படகில் ஏறாமல் திரும்பி நடந்தபோது, "அட!" என்றார்.

பஸ் நிறுத்தத்தில் விவாதம் சூடுபிடித்தது. ராணி போயிருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. போயிருந்தால் மந்திரி ஊரை விற்றிருப்பான் என்பது ஊசியக்கா கட்சி. "அதெப்படி? கடிதம்தான் கைக்கு வந்துடுச்சே?" என்று அவர் ஒரு விரலை உயர்த்திக்கொண்டு கேட்டார். அதற்குள் பஸ் வந்து, நின்று, போயே போய்விட்டது. அக்கா மட்டும்தான் அதைப் பார்த்தாள்.