போர்டு நின்ற பக்கம்

பிறப்பு இறப்புப் பிரிவிலிருந்து என்னை நிலப் பாதுகாப்புப் பிரிவுக்கு மாற்றியதற்குக் காரணம் என் வாய். இறப்புச் சான்றிதழ் கேட்கும் படிவத்தில் இறந்தவரே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று அச்சாகி வந்திருந்தது. ‘வந்தால் உட்காரச் சொல்லலாமா, நிற்க வைக்கலாமா?’ என்று விளக்கம் கேட்டு மேலிடத்துக்கு எழுதினேன். விளக்கம் வரவில்லை. மாற்றல் உத்தரவு வந்தது.

புதுப் பிரிவு நகராட்சிக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. மேலே யார் ஏறினாலும் எங்கள் தலைமேல் தடதடக்கும். இரண்டு மேஜை, ஒரு பீரோ, முழுசாகச் சாத்தாத ஒரு ஜன்னல். ஊரிலுள்ள குளம், குட்டை, சதுப்பு, மரம், மண் அத்தனைக்கும் காவல் நாங்கள் மூன்று பேர்: மேலாளர், நான், நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கும் செயின்மேன்.

மேலாளருக்கு ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. எந்தக் காகிதத்தை நீட்டினாலும் படிக்க மாட்டார். தனக்கு முன்னால் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்.

“புதுசா எதுவும் எழுதிடாதீங்கம்மா” என்றார் முதல் நாளே. “போன வருஷம் என்ன இருக்கோ அதையே எழுதுங்க. பழைய தப்பை யாரும் கேக்க மாட்டாங்க. புதுசா சரியா எழுதினாதான் ஏன்னு கேப்பாங்க.”

அந்த வாரமே மனு அண்ணன் வந்தார். அப்படித்தான் அலுவலகத்தில் கூப்பிடுவார்கள். அறுபது வயசு, லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. ஒன்று எழுதாவிட்டால் இன்னொன்று. மாதத்தின் முதல் திங்கட்கிழமை தவறாமல் ஒரு மனுவோடு வந்து நிற்பார். அவர் கேட்பது ஒன்றே ஒன்று. பெரிய சாலை ஓரத்தில் அவர் வாங்கிப் போட்ட நிலத்தில் ஒரு வீடு கட்ட அனுமதி வேண்டும். இரண்டு அறை, ஒரு குழாய் போதும்.

எங்கள் பதிலும் ஒன்றே ஒன்றுதான். ‘மேற்படி இடம் பாதுகாக்கப்பட்ட சதுப்பு நிலம் என்பதால் அனுமதி இல்லை.’ பதினாலு வருஷமாக இதே பதில்.

“சதுப்புன்னு எழுதறீங்கம்மா. அங்க ஒரு புல்லு முளைக்கணும்னா நான் போய்த் தண்ணி தெளிக்கணும்” என்றார். “பொண்டாட்டியோட தம்பி வீட்டு மாடில ஒரு ரூம்ல இருக்கோம். விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சொல்வாங்க. நான் பதினாலு வருஷமா விருந்தாளி. டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டணும்னாகூட மச்சான் மூஞ்சியப் பாக்கணும்.”

மனுவை வாங்கி முத்திரை குத்தினேன். ‘பெறப்பட்டது’ என்ற அந்த முத்திரைதான் எங்கள் பிரிவிலேயே அதிகம் தேய்ந்த பொருள்.

இருந்தாலும் அந்தப் புல் விஷயம் மண்டைக்குள் குடைந்தது. சதுப்பு நில ஃபைலை எடுத்துப் பார்த்தேன். வருஷத்துக்கு ஒரு ஆய்வு, ஆய்வுக்கு ஒரு படம். பதினாலு படத்திலும் ‘பாதுகாக்கப்பட்ட நிலம்’ என்ற போர்டு. பக்கத்தில் ஓர் அதிகாரி விறைப்பாக நிற்கிறார். அதிகாரிகள் மாறுகிறார்கள், மீசை வருகிறது போகிறது, போர்டு மட்டும் அப்படியே இருக்கிறது. நிலம்? அது எந்தப் படத்திலும் இல்லை. ‘படத்தில் போர்டு தெளிவாகத் தெரிய வேண்டும்’ என்று ஒரு சுற்றறிக்கை. நிலம் தெரிய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நம் ஆட்கள் சொல்லாததைச் செய்து பழக்கமில்லாதவர்கள்.

ஃபைலின் அடியில், நூல் கட்டி வைத்த பழைய மூல உத்தரவு கிடந்தது. ‘பெரிய சாலைக்குக் கிழக்கே அமைந்த சதுப்பு’ என்று அதில் இருந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் செயின்மேனைக் கூட்டிக்கொண்டு போனேன். போர்டு காய்ந்த கட்டாந்தரையில் ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது. சாலைக்கு எதிர்ப்பக்கம் கோரைப்புல் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. நடுவில் தண்ணீர், தண்ணீரில் கொக்கு. சூரியன் அந்தக் கோரைக்கு மேலே இருந்தது. காலையில் சூரியன் எந்தப் பக்கம் இருக்கும் என்பதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.

“கிழக்கு அந்தப் பக்கம். போர்டு ஏன் இந்தப் பக்கம் இருக்கு?” என்று கேட்டேன்.

“அதுவா மேடம்?” என்றார் செயின்மேன், ஏதோ சாப்பிட்டீர்களா என்று கேட்டதுபோல. “முதல்ல அங்கதான் நட்டோம். சேறு. காலைல நட்டா சாயங்காலம் படுத்துடும். மூணு தடவை நட்டுப் பாத்தோம். அப்புறம் கான்ட்ராக்டர், ‘சாயாத எடமாப் பாத்து நடுங்கப்பா, எந்த நிலம்னு எல்லாருக்கும் தெரியும்ல’ன்னார். எல்லாருக்கும் தெரிஞ்சுதான் இருந்துச்சு. அப்புறம் எல்லாரும் ரிட்டையர் ஆயிட்டாங்க.”

“நீங்க ஆகலையே?”

“என்னை யாரும் கேக்கலையே மேடம்.”

மனு அண்ணனின் பழைய மனுக்களைப் புரட்டினேன். ஒவ்வொன்றிலும் ‘சாலைக்கு மேற்கே உள்ள எனது நிலம்’ என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் எங்கள் குறிப்பு: ‘படம் பார்க்கப்பட்டது. போர்டு உள்ளது.’ எனக்கு வந்த கோபத்தில் பீரோவைச் சாத்தியபோது மாடிப்படியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

மேலாளரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“போர்டு தப்பான எடத்துல இருக்கா, இல்ல நிலம் தப்பான எடத்துல இருக்கா?”

“நிலம் நகரலை சார்.”

“போர்டும் நகரலையேம்மா!” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “பதினாலு கையெழுத்து. அதுல ஒம்போது என்னது. ஏழு மாசத்துல நான் வீட்டுக்குப் போகணும். இது வெளிய தெரிஞ்சா வேலியே பயிரை மேஞ்சுதுன்னு பேப்பர்ல போடுவான்.”

“மேயலை சார். அடுத்தவன் வயலுக்கு வேலி போட்டிருக்கோம்.”

அவர் சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலைமையிலும் இல்லை. கோரை மண்டிய எதிர்ப்பக்கத்து ‘காலி இடத்தை’ மண் கொட்டி மேடாக்கி பஸ் டிப்போ கட்ட நகராட்சி தீர்மானம் போட்டிருந்தது. பக்கத்திலேயே பாதுகாக்கப்பட்ட நிலம் இருப்பதால், தலைமை அலுவலகத்திலிருந்து கண்காணிப்பு அதிகாரி வியாழக்கிழமை நேரில் பார்க்க வருகிறார். பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் நிலத்தைப் பார்க்க வருகிறார். அவர் முன்னால் அது சதுப்பாக இருந்தாக வேண்டும்.

“ஆய்வு அறிக்கைல ‘கடந்த ஆண்டைப் போலவே’ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்” என்றார் மேலாளர். “இல்லேன்னா அடுத்த மாத்தல் எங்கன்னு எனக்கே தெரியாது.”

போட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் போட்டேன். எனக்கு வாய்தான் நீளம், தைரியம் குட்டை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வியாழக்கிழமை விடிந்தும் விடியாமலும் மூன்று தண்ணீர் லாரிகள் மனு அண்ணன் நிலத்தில் நின்றன. குழாயை இழுத்துவிட்டு, மேலாளர் கால்சட்டையை மடித்துக்கொண்டு, “அந்த மூலைல காயுது பார், அங்க அடி!” என்று கத்திக்கொண்டிருந்தார். ஒரு நிலத்தைப் பாதுகாக்க அவர் இவ்வளவு உழைத்து நான் அதுவரை பார்த்ததில்லை.

சாலையில் மனு அண்ணன் ஓடி வந்தார். சத்தம் போடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

“அம்மா! தண்ணி கனெக்‌ஷனுக்கும் தனியா ஒரு மனு குடுத்திருந்தேன். போன மாசம்தான் குடுத்தேன். இவ்வளவு சீக்கிரம் நடவடிக்கை எடுப்பீங்கன்னு நெனைக்கவே இல்ல. ஆனா குழாய் போதும்மா, எதுக்கு மூணு லாரி?”

அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போர்டு இடம் மாறிப்போன கதையை நின்ற இடத்திலேயே சொன்னேன். அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எதிர்ப்பக்கத்துக் கோரையைப் பார்த்தார், தன் நிலத்தில் ஓடும் தண்ணீரைப் பார்த்தார். ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

கண்காணிப்பு அதிகாரி முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டு வந்திறங்கினார். கையில் அட்டை, அட்டையில் படிவம். ஈரத்தில் காலை வைத்துப் பார்த்தார்.

“ஈரம் இருக்கு” என்று எழுதிக்கொண்டார். “கோரைப்புல்லு?”

“அறுத்துட்டோம் சார்” என்றார் மேலாளர். “பாதுகாப்புக்காக.”

“தவளை?”

“பகல்ல தூங்கும் சார்.”

“பறவை ஒண்ணையும் காணோமே?”

“இப்பத்தான் சார் எதிர்ப்பக்கம் போச்சு.”

அதற்கு மேல் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. “அப்படிப் போன கொக்கு பதினாலு வருஷமா இந்தப் பக்கம் திரும்பலை சார்” என்றேன். பையில் வைத்திருந்த மூல உத்தரவை எடுத்து நீட்டினேன். செயின்மேனும் இந்தத் தடவை கேட்காமலே பேசினார். மூன்று தடவை நட்டது, மூன்று தடவையும் சாய்ந்தது என்று கையைச் சாய்த்துச் சாய்த்துக் காட்டினார்.

அதிகாரி உத்தரவைப் படித்தார். சூரியனைப் பார்த்தார். லாரிகளைப் பார்த்தார்.

“சரி. சதுப்பு அந்தப் பக்கம்னா டிப்போ கிடையாது, இந்த நிலத்தை விடுவிக்கணும். ஆனா திருத்தம் போடணும்னா இந்தக் கட்டத்தை நிரப்பியாகணும்” என்று படிவத்தைத் தட்டினார். “பிழைக்குப் பொறுப்பானவர். யாரு?”

மேலாளர் செயின்மேனைப் பார்த்தார். செயின்மேன் என்னைப் பார்த்தார். நான் லாரியைப் பார்த்தேன்.

“நான்தான் சார்” என்று ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. மனு அண்ணன். “நான்தான் அந்தப் பக்கத்துலேர்ந்து போர்டைப் பிடுங்கி என் நிலத்துல நட்டேன்.”

“உங்க நிலத்துலயா? எதுக்கு?”

மனு அண்ணன் அதை யோசித்து வைத்திருக்கவில்லை. “புத்தி கெட்டுப்போய்” என்றார்.

“எழுதிக் குடுத்துடறீங்களா?” என்று மேலாளர் துள்ளினார். அதற்குள் மனு அண்ணன் பேனாவைத் திறந்திருந்தார்.

“அரசாங்க போர்டைப் பிடுங்கினா ஜெயில், தெரியுமா?” என்றார் அதிகாரி.

“அங்க மச்சான் இருக்க மாட்டாருல்ல சார்?”

லாரி டிரைவர்கள் சிரித்துவிட்டார்கள். மனு அண்ணன் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். “பதினாலு வருஷமா உண்மையை எழுதிக் குடுத்தேன்மா. ஒருத்தரும் படிக்கலை. பொய்யாவது போய்ச் சேரட்டும்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்று தேடினால் முதல் ஆளாக நான்தான் நின்றேன். அதிகாரியின் கையிலிருந்த அட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கி, அந்தக் கட்டத்தில் எழுதினேன்: ‘நிலப் பாதுகாப்புப் பிரிவு. பதினாலு ஆண்டுகளாக நிலத்தைப் பார்க்காமல் போர்டைப் பார்த்தோம். இந்த ஆண்டு தெரிந்தே பொய்யாகக் கையெழுத்திட்டவள் நான்.’ கீழே கையெழுத்துப் போட்டேன்.

அதிகாரி இரண்டு தடவை படித்தார். “கையெழுத்து புரியலை. பேரையும் எழுதுங்க” என்றார்.

எழுதினேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் காகிதத்தில் நடந்தது. டிப்போவுக்கு வேறு இடம் தேடினார்கள். எனக்கு மெமோ வந்தது, பதில் எழுதினேன், பதிலுக்கு இன்னொரு மெமோ வந்தது. மேலாளர் முதுகு வலி என்று நீண்ட விடுப்பில் போனார். அவருக்கு முதுகெலும்பு இருப்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் ஆதாரம் அதுதான். நாலாவது மாதம் உத்தரவு வந்தது: சாலைக்கு மேற்கே உள்ள நிலம் விடுவிக்கப்படுகிறது, வீடு கட்ட அனுமதி வழங்கப்படுகிறது.

மனு அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். மனைவியையும் கூட்டி வந்தார். அந்த அம்மாவை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். மெலிந்த உடம்பு, தோளில் ஒரு துணிப்பை, யாரையும் நம்பாத கண்.

மனு அண்ணன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உத்தரவை வாங்கினார். நின்றபடியே முழுசாகப் படித்தார். படித்து முடித்ததும் பேனாவை எடுத்தார்.

“கையெழுத்து எங்கம்மா போடணும்?”

“எங்கயும் வேண்டாம்ணே.”

“அப்ப, ஒரு நகல் எடுத்துக்கிட்டு இதைக் குடுத்துடறேன்” என்று காகிதத்தை என்னிடமே திருப்பி நீட்டினார். பதினாலு வருஷமாக அந்த மேஜையில் அவர் வைத்த காகிதத்தை எல்லாம் நாங்கள் வாங்கி வைத்துக்கொண்டோம். ஒரு காகிதம் எங்கள் பக்கத்திலிருந்து அவர் பக்கம் போகலாம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

“இது உங்களுக்குண்ணே” என்றேன். “நாங்க உங்களுக்குக் குடுத்தது. வீட்டுக்குக் கொண்டு போங்க.”

“எந்த வீட்டுக்கும்மா?”

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். அந்த அம்மா அவர் கையிலிருந்து காகிதத்தை வாங்கி, நாலாக மடித்துத் துணிப்பையில் வைத்தார்.

“வெறும் தரைதான். ஆனா நம்ம தரை” என்றார். “வாங்க, போய்க் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வருவோம்.”