செத்த வீட்டில் பாடும் அம்மா

கசெட்டின் ஓட்டையில் பேனாவைச் செருகித் திருப்பத் திருப்ப நாடா உள்ளே போகாமல் வெளியேதான் வந்தது. கடைசியில் இரண்டாக அறுந்து உசாந்தியின் மடியில் விழுந்தது. பாழாய்ப்போன கசெட் பெட்டி அதைக் கடித்துத் துப்பியிருந்தது. நேரம் பகல் ஒன்றரை. நாலு மணிக்குச் சவப்பெட்டி எடுக்க வேண்டும். உள்ளே அப்பா நல்லரத்தினம் வெள்ளை வேட்டியோடு கிடந்தார். அவரை அனுப்பிவைக்கும் பாட்டை அவருடைய மகளே நாசமாக்கிவிட்டாள்.

"உன்ன ஆரு புள்ள இப்ப போடச் சொன்ன?" பாலசுந்தரம் தலையில் கைவைத்தார். அவர் அம்மாவின் தம்பி.

"பாடுதா எண்டு பாக்கத்தான் மாமா போட்டன். பாட்டில்லாம அப்பாவ எப்பிடி அனுப்புற?"

களுவாஞ்சிக்குடிக்குப் பக்கத்திலுள்ள இந்த வாவிக்கரை ஊரில் நாற்பத்தேழு வருடமாக கசெட்டிலிருக்கும் அந்த அம்மா பாடாமல் எந்தப் பெட்டியும் வாசல் படலையைத் தாண்டியதில்லை. நல்லரத்தினம் ஸ்பீக்கர்காரர். கோயில் திருவிழா, கலியாணம், செத்த வீடு எல்லாவற்றுக்கும் அவருடைய குழாய்தான். எழுபத்தெட்டுச் சூறாவளியில் இந்த ஒரே ஒழுங்கைத் தெருவில் ஏழு சாவு. அழுதழுது பெண்களுக்குத் தொண்டை அடைத்து, ஒப்பாரி சொல்லக்கூட ஆளில்லாத, கரண்டும் இல்லாத அன்று, லொறி பட்டறியில் ஸ்பீக்கரைக் கொளுவி அவர் இந்தக் கசெட்டைப் போட்டார். மட்டக்களப்பில் இருந்த ஓர் அமெரிக்கப் பாதிரியாரின் மைக்கைத் திருத்திக் கொடுத்தபோது அவர் சந்தோசமாகத் தந்த கசெட். ஒரு சொல்லும் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆனால் யாரோ ஒருத்தி தங்களுக்காகப் பாடுகிறாள் என்பது மட்டும் எல்லோருக்கும் விளங்கிற்று. அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அவள் பாடத் தொடங்கினால் பறைமேளக்காரர்களும் அடியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள்.

பெயர்தான் தெரியாது. கசெட்டில் ஒட்டியிருந்த கடதாசி எப்போதோ உரிந்துபோயிற்று. அந்த அம்மா, அவ்வளவுதான். "போனில ஏத்தி வைப்பமே அப்பா," என்று உசாந்தி எத்தனை தரம் கேட்டிருப்பாள்! "கொப்பி அடிச்சா அந்த அம்மாட குரல் மெலிஞ்சிரும் மனே," என்பார். பிடிவாதமென்றால் அப்படியொரு பிடிவாதம்.

உசாந்தியின் புருசன் விஜிதரன் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறவன். அறுந்த நாடாவைப் பார்த்துவிட்டு அவளுடைய போனை வாங்கினான். "மெட்ட முணுமுணுத்தாப் போதும், பாட்டு என்னெண்டு இது கண்டுபிடிக்கும். முணுமுணு பாப்பம்."

அவள் முணுமுணுத்தாள். அழுகையில் குரல் உடைந்தது. போன் ஏதோ ஒரு பக்திப் பாட்டைக் காட்டிற்று. "தா இஞ்ச," என்று பாலசுந்தரம் வாங்கி, தொண்டையைச் செருமி, கண்ணை மூடிப் பாடினார். போன் ஒரு சிங்கள பைலா ஆட்டப்பாட்டைக் கொண்டுவந்து நிறுத்தியது.

"நீங்க விடுங்க மாமா. அப்பா எழும்பி ஓடிருவார்," என்றாள் உசாந்தி. சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே விம்மி அழுதாள்.

அப்போது அம்மா கையை நீட்டினாள். விடிய ஐந்து மணிக்கு அப்பாவின் மூச்சு நின்றதிலிருந்து வசந்தாதேவி ஒரு சொல் பேசவில்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தலைமாட்டில் அசையாமல் இருந்தாள். உசாந்தி போனை அவளுடைய வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். சுற்றியிருந்த பெண்கள் அழுகையை அடக்கிக்கொண்டார்கள்.

சொல் எதுவும் இல்லாமல், வெறும் முனகலாக, அம்மா அந்தப் பாட்டை எடுத்தாள். எந்த இடத்தில் அந்த அம்மா மூச்சுப் பிடிப்பாளோ அந்த இடத்தில் மூச்சுப் பிடித்தாள். எங்கே குரலை இழுத்து மேலே தூக்குவாளோ அங்கே தூக்கினாள். நாற்பது வருடம் கூட இருந்தும் அம்மா பாடி உசாந்தி கேட்டதேயில்லை.

போன் அதிர்ந்து ஒரு பட்டியலைக் காட்டிற்று. ஒரே பாட்டை எத்தனையோ பேர் பாடியிருந்தார்கள். விஜிதரன் முதலாவதைத் தட்டினான். ஆண் குரல். அம்மா தலையை ஆட்டினாள். இரண்டாவது பலர் சேர்ந்து பாடியது. அதுவும் இல்லை. மூன்றாவதில் ஒரு பெண் குரல் மெதுவாக எழும்பியது. கொட்டிலில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் கேத்தலை வைத்துவிட்டு ஓடிவந்தார்கள்.

"இவதான்!" என்றாள் அம்மா. அதற்குப் பிறகுதான் கண்ணீர் வந்தது.

திரையில் ஒரு கறுத்த முகம். கண்ணை மூடி, வாயை அகலத் திறந்து பாடிக்கொண்டிருந்தது. பெயர் மஹாலியா ஜாக்சன்.

"வெள்ளக்காரி எண்டெல்லோ நான் இவ்வளவு நாளும் நினைச்ச," என்றாள் அம்மா.

"நம்மட ஆள் மாதிரியெல்லோ இருக்கா!" என்றார் பாலசுந்தரம்.

உசாந்தி ஆங்கிலத்தைத் தட்டுத்தடுமாறி வாசித்துச் சொன்னாள். ஏழை வீட்டுப் பிள்ளை. ஊராருடைய உடுப்புத் தோய்த்துப் பிழைத்தவள். கறுப்புச் சனம் உரிமை கேட்டுத் திரண்டு நின்ற இடத்திலெல்லாம் பாடியவள். அந்தச் சனத்தின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்றபோது...

அவள் நிறுத்தினாள். அந்த வரியைத் திரும்ப வாசித்தாள்.

"என்ன மனே?"

"அவர்ர செத்த வீட்டிலயும் இவதானாம் அம்மா பாடின."

ஓர் இங்கிலீசுச் சொல்கூடத் தெரியாத மனுசன், எங்கேயோ கிடந்த ஒரு குரலை இந்தக் காரியத்துக்கென்று எப்படிச் சரியாகப் பொறுக்கி எடுத்தார்? உசாந்தி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். ஆச்சரியம் தாங்காமல் மறுபடி பார்த்தாள்.

"இப்ப எங்க இருக்காவாம்?" என்று பாலசுந்தரம் கேட்டார்.

"எழுபத்திரெண்டில செத்திட்டா மாமா. அப்பா கசெட்டப் போடக்குள்ளயே அவ உசிரோட இல்ல."

நாலு மணிக்குப் பெட்டியை மூடினார்கள். விஜிதரன் உசாந்தியின் போனை அம்பிளிபயரில் கொளுவிவிட்டுப் பெட்டிக்குத் தோள்கொடுக்கப் போனான். மேளம் நின்றது. தென்னையில் கட்டியிருந்த குழாயிலிருந்து அந்தக் குரல் ஒழுங்கை முழுக்கப் பரவியது. கசெட்டின் இரைச்சல் எதுவுமில்லாமல் அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. ஆண்கள் நடந்தார்கள். பெண்கள் வழக்கம்போல் படலையோடு நின்றார்கள்.

அம்மா உசாந்தியின் கையைப் பிடித்தாள்.

"அவ செத்த அண்டைக்கு ஆரு மனே பாடின?"

உசாந்திக்குத் தெரியவில்லை. பார்த்துச் சொல்லலாமென்றால் போன் அங்கே பாடிக்கொண்டிருந்தது.

"பாட்டு முடியட்டும் அம்மா. பாத்துச் சொல்றன்."

வசந்தாதேவி தலையாட்டினாள். பெட்டி வாவிக்கரைத் திருப்பத்தில் மறைந்தது. பாட்டு இன்னும் முடியவில்லை.