பர்ஸ்ட் குரூப் விண்ணப்பம்

கணக்கும் உயிரியலும் சேர்ந்த பர்ஸ்ட் குரூப் கிடைத்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சித்ரகலா ஏப்ரலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். வெறும் வாய்ப்பேச்சு இல்லை. பத்தாவது பரீட்சை முடிந்த கையோடு பக்கத்து வீட்டில் ப்ளஸ் ஒன் புத்தகங்களை இரவல் வாங்கினாள். பகலெல்லாம் அம்மா மயிலாளோடு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டினாள்; மண்ணரை வீட்டுக்குத் திரும்பியதும் புத்தகத்தைப் பிரித்தாள். முதல் மூன்று பாடக் கணக்குகளைப் போட்டே முடித்துவிட்டாள். ரிசல்ட் வந்தபோது ஐநூறுக்கு நானூற்று எழுபத்தொன்று. மயிலாளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மார்க் ஷீட் கைக்கு வந்த வாரம்தான், 2005 ஜூனில், பனியன் வாங்கும் வெள்ளைக்காரர்களின் ஆடிட் கம்பெனிக்கு வந்து தொலைத்தது.

“ஏனுங்கக்கா, பாப்பாவுக்குப் பதினெட்டு ஆச்சுன்னு பேப்பர் வேணுமுங்க. ஒரிஜினலே கேப்பாங்க. இல்லீன்னா ரெண்டு பேரும் வேலைய விட்டு நின்னுக்குங்க” என்றார் மேனேஜர் வேல்குமார்.

மயிலாள் பதினோரு வருஷமாக ஆடிட் பார்த்தவள். அந்த ரெண்டு நாளும் கம்பெனிக் காகிதமெல்லாம் வேஷம் கட்டும். டைம் கார்டு மாறும், ஓவர்டைம் காணாமல் போகும். வெள்ளைக்காரர்கள் காரேறியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். மார்க் ஷீட்டும் அந்த மாதிரிதான் என்று நினைத்துவிட்டாள், பாவி! மகள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில், பிறந்த வருஷமான 1990இன் இரண்டாவது ஒன்பதை எட்டாக்கினாள். சைபருக்கு ஒரு வால் இழுத்து ஆறாக்கினாள். ஆடிட் முடிந்ததும் பிளேடால் சுரண்டினாள். மை போனது. கூடவே காகிதமும் போனது. மகள் கண்ணில் படாமல் கவரில் போட்டு வைத்தாள்.

இருவரும் அட்மிஷனுக்குப் போனபோது, மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை மதிப்பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். “பர்ஸ்ட் குரூப்பா? தாராளமா.” பிறகு பிறந்த தேதிக்கு வந்தார். மார்க் ஷீட்டைத் தூக்கிப் பிடித்தார். சுரண்டிய இடத்தில் வெளிச்சம் தெரிந்தது.

“யாரு இதைத் திருத்தினது? போலீஸ்ல குடுத்தா, திருத்தினவங்க உள்ள போகணும். தெரியுமில்ல?”

நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மயிலாள் ஓரடி பின்னால் நகர்ந்தாள். பயம், வேறொன்றுமில்லை.

சித்ரகலா அந்த ஓட்டையைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதற்குமேல் யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

“நாந்தானுங்க டீச்சர். வேலைக்குப் போறதுக்காக வயசக் கூட்டிப் போட்டனுங்க.”

“படிக்கிற பொண்ணு செய்யற காரியமா இது? சின்னப் பொண்ணுங்கறதால போலீசுக்குக் குடுக்கலை. ஆனா சென்னைத் தேர்வுத்துறைக்கு அனுப்பி விசாரிக்கணும். வருஷமே ஆகும். அதுவரைக்கும் எந்தக் குரூப்பும் கிடையாது. மார்க்கையும் திருத்தலைன்னு யாரு கண்டா?”

“மார்க்கு நானு எடுத்ததுங்க டீச்சர்” என்றாள் சித்ரகலா. அதுவரை தாங்கிய குரல் அங்கே உடைந்துபோனது.

வெளியே வந்ததும் மயிலாள் மகளின் கையைப் பிடித்தாள். “வா கண்ணு, திரும்பிப் போலாம். நாந்தான்னு சொல்லீர்றேன்.”

“அப்பாவும் இல்ல. நீயும் உள்ள போயிட்டா எனக்கு ஆரும்மா இருக்கறா?”

மயிலாள் திரும்பிப் பார்த்தாள். பள்ளியின் கேட் திறந்தேதான் இருந்தது. இருபதடி தூரம்கூட இருக்காது. அவள் போகவில்லை.