க்ஷம் என்றொரு தாது

உயர்தர வகுப்பு சமஸ்கிருத விடைத்தாளில் ‘க்ஷம்’ என்ற தாதுவுக்கு, அதாவது வினைவேருக்கு, ‘மன்னித்தல்’ என்று எழுதினால் தங்கேஸ்வரி டீச்சரிடம் புள்ளி கிடைக்காது. இரக்கமே இல்லாத மனுசி என்று காரைதீவுப் பெற்றோர் திட்டுவார்கள். திட்டட்டுமே. வினைவேர்களின் பழைய பட்டியலான தாதுபாடம் அதற்குச் சொல்லும் பொருள் ‘ஸஹனே’. தாங்கிக்கொள்வது, அவ்வளவுதான். மன்னிப்பெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. எல்லாவற்றையும் தாங்குவதால்தான் பூமிக்கும் க்ஷமா என்று பெயர் என்பார்கள். அந்த இடம் வந்தால் மட்டும் டீச்சரின் குரல் இறங்கிவிடும். குணம் என்ற அவருடைய புருசனை எந்த இடத்துப் பூமி தாங்கிக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

தொண்ணூறாம் ஆண்டு இராணுவச் சுற்றிவளைப்பில் ஊர் ஆண்களை வரிசையாக நிறுத்தினார்கள். ஆளைக் காட்டிக்கொடுக்க, சாக்கால் முகம் மூடிய தலையாட்டியை வரிசைக்கு முன்னால் நடத்திக்கொண்டு வந்தார்கள். குணத்துக்கு நேரே வந்ததும் சாக்கு மேலும் கீழும் ஆடியது. குணத்தை வண்டியில் ஏற்றினார்கள், அவன் திரும்பவில்லை. ஆனால், முகத்தை மூடியவர்கள் காலை மூட மறந்துவிட்டார்கள். வலது பெருவிரலில் நகமில்லாத அந்தக் காலை வேலியோரம் நின்ற டீச்சருக்கு அடையாளம் தெரிந்தது, மாவடிப்பள்ளிச் சீனிமுகம்மதுவின் கால். பக்கத்து வயல்காரர், ஒரே வாய்க்கால் தண்ணீரைக் குணத்தோடு பங்கிட்டவர். அதுவரை ‘காக்கா’ என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்ட டீச்சர், அதற்குப் பிறகு கல்முனைச் சந்தையில் அவரைக் கண்டால் எடுத்த மீனையும் வைத்துவிட்டு விலகிப் போய்விடுவார். யாரிடமும் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் இரண்டு ஊரும் பற்றியெரிந்திருக்கும்.

இப்போது அந்தச் சீனிமுகம்மதுவின் மகன் ஸைனுலாப்தீன் வாசலில் நின்றான்.

“டீச்சர், வாப்பா கடசி நேரத்துல இரிக்காரு. உங்களத்தான் கேக்காரு. ஒருக்கா வந்து பிழ பொறுத்துட்டுப் போங்க. என்ன பிழ எண்டு எங்களுக்குச் சொல்றாருமில்ல.”

மனுசருக்குச் செய்த பிழையை அந்த மனுசர்தான் பொறுக்க வேண்டும், அதுவரை அல்லாஹ்வும் பொறுக்கமாட்டான் என்பது அவர்கள் நம்பிக்கை. டீச்சர் மன்னிக்கப் போகவில்லை. ஒரேயொரு கேள்வி கேட்கப் போனார்.

கட்டிலில் கிடந்தவர் இவரைக் கண்டதும் விம்மினார். “தங்கச்சி, என்ட நெத்தியில துவக்க வெச்சாங்க. பயத்துல தலைய ஆட்டிட்டன். பொறுத்தன் எண்டு ஒரு சொல் சொல்லுங்க.”

மகன் திகைத்துப்போய்ச் சுவரோடு சாய்ந்தான்.

“அவர எந்த மண்ணுல தாட்டாங்க? அத முதல்ல சொல்லுங்க.”

“சொல்றன். என்னையும் அந்த வண்டியிலதான் ஏத்தினாங்க. இடம் தெரியும். நீங்க முதல்ல பொறுங்க.”

மன்னிக்க மனம் வரவில்லை. ஒரு துளியும் வரவில்லை. ஆனால் இடம் வேண்டும். அப்போதுதான் படித்த புத்தி வேலை செய்தது. பொறுத்தல் என்றாலும் இரண்டு பொருள்தானே, க்ஷம் மாதிரி. தாங்குதல் என்ற மூத்த பொருளை மனதில் வைத்துக்கொண்டால் பொய்யும் இல்லை.

“பொறுத்தன்,” என்றார். தன் கெட்டித்தனத்தில் உள்ளுக்குள் ஒரு மிதப்புக்கூட வந்தது.

கிழவரின் முகம் தெளிந்தது. “அல்ஹம்துலில்லாஹ்” என்று கண்ணை மூடினார். உதடு தானாகவே, சாகுமுன் சொல்லும் கலிமாவைச் சொன்னது, முழுவதுமாக.

“எங்க?” என்று டீச்சர் குனிந்தார்.

ஸைனுலாப்தீன் பதறி நடுவில் வந்தான். “டீச்சர், கலிமாச் சொல்லிட்டாரு. இனிக் கதைக்க வெக்காதீங்க. அதுதான் கடசிச் சொல்லா இரிக்கணும்.”

“காக்கா, எந்த இடம் எண்டு மட்டும் சொல்லுங்க!”

சீனிமுகம்மது கண் திறக்கவில்லை. பின்னேர அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் முன்னே மூச்சும் நின்றது.

ஸைனுலாப்தீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு படலை வரை வந்தான். “உங்களுக்குப் பெரிய மனசு டீச்சர். எங்கட வாப்பாவப் பொறுத்துட்டீங்க.”

“ஓம்,” என்றார் டீச்சர். வேறென்ன சொல்வது. அவர் எண்ணிச் சொன்ன பொருள்தான் அவருக்கு மிஞ்சியது.

காரைதீவுக்குப் போகும் ரோட்டில் இரண்டு பக்கமும் வயல். எந்தப் பக்கம் பார்த்து அழுவது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.