மூன்று முறை கேட்பார்கள்

மகளின் உடல் கிடந்த சந்தூக்கின் மேல் போர்த்திய பச்சைத் துணி காற்றில் விலகிக்கொண்டே இருந்தது. ரசிம் அதை இழுத்து நான்கு மூலையிலும் செருகினார். மறுபடி ஒரு மூலை பறந்தது. முற்றத்துப் பனியில் நின்றிருந்த ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கை கொடுக்க வரவில்லை. அப்பன் செய்யட்டும் என்று விட்டார்களா, வர மனமில்லையா என்று அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில் மகளோடு படித்த ஓக்னியென்தான் குந்தி உட்கார்ந்து அந்த மூலையைப் பிடித்துக்கொண்டான்.

"விடுங்க மாமா. நான் பிடிச்சுக்கறேன்."

"கை விறைச்சுப்போகும்டா."

"உங்க பொண்ணு எங்களை விறைக்க வெக்காத நாள் எது?"

ரசிம் மற்ற மூன்று மூலைகளையும் மறுபடி செருகினார்.

மெரிமா நேற்று முன்தினம் சராயேவோ மருத்துவமனையில் இறந்திருந்தாள். ரத்தப் புற்று. கோடையில் தெரிந்தது, பனிக்காலம் முடிவதற்குள் முடிந்துவிட்டது. ஆலைப் புகையால் வந்ததுதானே என்று அவர் ஒருமுறை கேட்டதற்குப் படுக்கையிலிருந்தபடியே கோபித்துக்கொண்டாள். "நிரூபிக்க முடியாததைச் சொல்லாதீங்கப்பா. அப்புறம் நிரூபிச்சதையும் நம்பமாட்டாங்க."

உள்ளே பெண்கள் ஓதும் சத்தம் கேட்டது. சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, தெரு சமைத்து அனுப்பும். இறைச்சி வைத்துச் சுருட்டியது, கீரை வைத்துச் சுருட்டியது என்று தட்டுத் தட்டாக வரும். மேசையைப் பார்த்தே இறந்தவர் மேல் ஊருக்கு என்ன எண்ணம் என்று சொல்லிவிடலாம். காலையில் ரசிம் பார்த்தபோது மேசை பாதி காலியாக இருந்தது. அது தெரியாமலிருக்க சும்ரா தட்டுகளை அகட்டி அகட்டி வைத்திருந்தாள். கணவன் கவனித்ததைக் கவனித்து, "இனிமே வரும்" என்று மட்டும் சொன்னாள்.

எதிர்வீட்டு ஃபிக்ரெத்திடமிருந்து எதுவும் வரவில்லை.

நிலக்கரியைச் சுட்டுக் கல்கரியாக்கும் ஆலையில் ரசிமும் ஃபிக்ரெத்தும் ஒரே உலைவரிசையில் வேலைபார்த்தவர்கள். ஒருவர் மயங்கினால் இன்னொருவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போடுவார்; அப்படிப்பட்ட பழக்கம். அந்த ஆலையின் தூசைத்தான் மெரிமா முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தாள். அவளும் கூடப் படித்த நாலு பேரும் பால்கனிகளிலும் பள்ளிக்கூடக் கூரையிலும் தூசு பிடிக்கக் கண்ணாடி ஜாடிகளை மாட்டி, இரண்டு குளிர்காலம் ஏறி இறங்கினார்கள்.

"இவ்வளவு ஜாடி வீணாப் போகுதே, மிளகாயாவது ஊறப்போடலாம்" என்று ரசிம் கிண்டல் செய்வார்.

"போடுங்கப்பா. உப்பு காரமெல்லாம் காத்துலயே இருக்கு."

முதல் குளிர்காலத்து அளவுகளை அவள் ஊர்க்கூட்டத்தில் படித்துக் காட்டினாள். தலைநகரிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். பழுதுபார்க்க வேண்டுமென்று ஓர் உலைவரிசையை நிறுத்தினார்கள். அதில் வேலை செய்தவர்கள் சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார்ந்தார்கள், பிறகு ஒவ்வொருவராக ஜெர்மனிக்கும் ஸ்லொவேனியாவுக்கும் பஸ் ஏறினார்கள். ஃபிக்ரெத்தின் இரண்டு மகன்களும் போனார்கள். அன்றிலிருந்து ரசிம் எதிரே வந்தால் ஃபிக்ரெத் சாலையைக் கடந்து மறுபக்கம் நடப்பார்.

"ஆலையை மூடச் சொல்லிட்டியேடி" என்று அப்போது ரசிமும்தான் கத்தினார்.

"மூடவா சொன்னேன்? புகையை அடக்கச் சொன்னேன். ஊர்ல வேலையும் இருக்கணும், சன்னலையும் திறந்து வெக்கணும். ரெண்டையும் கேட்டா பேராசையாப்பா?"

முப்பது வருடத்தில் அவர் இரண்டையும் சேர்த்துக் கேட்டதே இல்லை.

உடம்புக்கு முடியாததால் முனைவர் பட்டத்துக்கான பொதுவிவாதம் வேண்டாம், அறைக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிப்பார்த்தார்கள். அவள் ஒப்பவில்லை. விவாதத்தை இந்த ஊர் மண்டபத்திலேயே வைக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் வந்து கேட்கட்டும் என்றாள். "கல்லால அடிப்பாங்க" என்றார் ரசிம். "அடிக்கறவங்க கேள்வியும் கேப்பாங்கல்ல? எனக்கு அது போதும்" என்றாள். அடுத்த மாதம் என்று நாள் குறித்திருந்தது.

இமாம் வந்துவிட்டார். ரசிம் அவரைக் கிணற்றுப் பக்கம் தனியாக அழைத்துப் போனார்.

"எஃபெந்தி, ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்க ரசிம் அண்ணே."

"தொழுகை முடிஞ்சதும் கேப்பீங்களே, அந்தக் கேள்வி. இன்னைக்கு வேணாமே. நேரா அடக்கத்துக்குப் போயிடலாம்."

எந்தக் கேள்வி என்று இமாமுக்கும் தெரியும். இறந்தவர் எப்படிப்பட்டவர் என்று முதலில் கூட்டத்திடம் கேட்பார். அவரால் உங்களுக்கு ஏதும் குறை இருந்தால் மன்னித்து, ஹலாலாக்கி விட்டுவிடுகிறீர்களா என்று அடுத்து மூன்று முறை கேட்பார். கூட்டம் "ஹலால்" என்று சொல்லும். எப்போதும் சொல்லும். ஒரே ஒருமுறை சொல்லாமல் இருந்ததை ரசிம் பார்த்திருக்கிறார். போரின்போது மாவையும் உப்பையும் பதுக்கி விற்ற ஒருவனின் ஜனாஸா தொழுகை அது. மூன்று முறை கேட்டும் ஒரு வாயும் திறக்கவில்லை. இறந்தவனின் தம்பி கண்ணை மூடிக்கொண்டு நின்றான். அந்த வருடமே வீட்டை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு போய்விட்டான்.

"கேக்காம விட்டா, கேக்கப் பயந்துட்டோம்னு ஆயிடும்" என்றார் இமாம்.

"பயம்தான்."

"எனக்கும்தான்." அவர் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். "ஆனா மெரிமா இருந்தா விட்டிருப்பாளா?"

ரசிம் கிணற்றின் விளிம்பிலிருந்த பனியைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தார்.

சந்தூக்கைத் தூக்கினார்கள். இங்கே பெண்கள் கல்லறைக்குப் போவதில்லை. மெரிமாவின் தோழி தியானாவுக்கு அது தெரியாது. தலையில் கட்டிய துணியை இறுக்கிக்கொண்டு பையன்களோடு நடந்தாள். "அந்தப் பொண்ணு எங்க போகுது?" என்று ஒருவர் முணுமுணுத்தார். சன்னலில் நின்ற சும்ரா காதில் அது விழுந்தது.

"போகட்டும் விடுங்க. பள்ளிக்கூடக் கூரை மேல ஏறினப்போ யாரும் பொம்பளைன்னு தடுக்கலையே" என்றாள். அவள் குரல் உடையவில்லை. அதுதான் ரசிமை உலுக்கியது.

சந்தூக்கு கைமாறிக் கைமாறி முன்னே போனது. ரசிம் பின்னால் நடந்தார். அந்த நாலு பேரையும் அவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறையில் பார்த்துத்தான் பழக்கம். தியானா வியன்னாவில் கிடைத்த வேலைக்கு வரவில்லை என்று எழுதிவிட்டு, பெற்றவர்கள் பேச்சை நிறுத்திய பிறகும், இங்கே ஜாடி கழுவிக்கொண்டிருந்தவள். இன்னும் இருவர் வாரம் முழுக்க உணவகத்தில் தட்டு சுமந்துவிட்டு இங்கே வந்து ஏணி சுமப்பார்கள். ஓக்னியெனோ மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன். போரில் அவன் அப்பாவும் ரசிமும் எதிரெதிர்ப் படைகளில், ஒரே மலையின் இரண்டு பக்கமும் பதுங்கிக் கிடந்தவர்கள். ஒருநாள் சூப் குடிக்கும்போது அவனே சொன்னான். ரசிம் உப்பை அவன் பக்கம் நகர்த்தி, "போட்டுக்கோ, சும்ரா கைக்கு உப்பு எப்பவும் கம்மி" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

இந்தப் பிள்ளைகள் உலகத்தைச் சரிசெய்துவிடலாம் என்று நம்பினார்கள். அவருக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனால் அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு அந்தச் சமையலறை கொஞ்சம் பெரிதாகிவிட்டது போலிருக்கும்.

கல்லறைக்கு முன்னாலிருந்த மேடைக்கல்லில் சந்தூக்கை இறக்கினார்கள். ஆண்கள் வரிசையாக நின்றார்கள். மாணவர்கள் கடைசி வரிசைக்கும் பின்னால் ஒதுங்கி நின்றார்கள். ஃபிக்ரெத் வந்திருந்தார். வலது ஓரத்தில், தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு. தொழுகைக்கு வருவது கடமை, அதனால் வந்திருக்கலாம்.

தொழுகை முடிந்தது. இமாம் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். ரசிம் தன் பூட்ஸ் நுனியைப் பார்த்தார்.

"ஜமாஅத்தாரே, இந்த மெரிமா எப்படிப்பட்டவள்னு நீங்க சாட்சி சொல்றீங்க?"

"நல்லவ" என்று முன்வரிசைக் கிழவர்கள் சிலர் சொன்னார்கள். வழக்கத்துக்குச் சொல்வது. பின்வரிசைகளில் சத்தமில்லை. அந்த இடைவெளியில், வகுப்பில் தூக்குவதுபோல ஒரு கை மேலே எழுந்தது. ஓக்னியென்.

அந்தக் கேள்விக்கு ஒற்றை வார்த்தைதான் பதில் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கேள்வி என்று ஒன்று கேட்கப்பட்டால் தெரிந்ததை முழுதாகச் சொல்ல வேண்டும் என்றுதான் அவன் படித்திருந்தான். பக்கத்திலிருந்தவர் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தார். இமாம் இழுத்தவரைப் பார்த்து வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்து, ஓக்னியெனிடம் "சொல்லுப்பா" என்றார்.

"நல்லவன்னு ஒரு வார்த்தையில முடிக்க முடியாதுங்க. அவகூட வேலை பார்க்கறது கஷ்டம். ஒரு ஜாடி மேல சந்தேகம் வந்தா பனி கொட்டும்போதே மறுபடி கூரை ஏறச் சொல்லுவா. போன ஜனவரியில ஒரு வாரம் தூசு எக்கச்சக்கமா ஏறிடுச்சு. நாங்க குதிச்சோம். இதைக் காட்டினா ஆலைக்காரங்க வாயே திறக்க முடியாதுன்னு. அவ மட்டும் கீழ இறங்கிப் போய்த் தெருவை மோந்து பார்த்துட்டு வந்தா. ஜாடிக்குக் கீழ ஒரு வீட்ல கரி இல்லாம பழைய செருப்பையும் பெயின்ட் அடிச்ச பலகையையும் எரிச்சிருக்காங்க. அந்த வாரத்தையே ஆராய்ச்சியிலேருந்து எடுத்துட்டா. நான் சண்டை போட்டேன். ஆலை செய்யாததை ஆலை தலையில கட்டக்கூடாது, எங்கப்பா அங்க நின்னு சம்பாதிச்சவருன்னு அவ சொன்னா. எந்த வீடுன்னு கேட்டோம். எங்ககிட்டகூடச் சொல்லலை. குளிர்ல எரிச்சது தப்பில்லைன்னு மட்டும் சொன்னா." அவன் கை இன்னும் பாதி தூக்கியபடியே இருந்தது. அதைக் கீழே இறக்கினான். "கேட்டீங்க, அதான் சொன்னேன்."

எந்த வீடு என்று ரசிமுக்குத் தெரியும். செருப்பு எரிந்த நாற்றம் அவர் பால்கனிக்கு வந்தது. மகன்கள் ஆலையை விட்டுப் போன பிறகு வேலையாட்களின் வீடுகளுக்குத் தரும் ஆலைக் கரி ஃபிக்ரெத்துக்குக் கிடைக்காமல் போயிருந்தது. தெரு முழுக்கத் தெரியும். யாரும் வலது ஓரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"மெரிமாவால உங்களுக்கு ஏதும் குறை இருந்தா, ஹலாலாக்கித் தர்றீங்களா?"

முன்வரிசையில் சில குரல்கள். "ஹலால்."

"ஹலாலாக்கித் தர்றீங்களா?"

இன்னும் சில. அவற்றுக்குப் பின்னால், தாமதமாக, என்ன சொல்ல வேண்டும் என்று காதால் கேட்டுக் கற்றுக்கொண்ட ஒரு பெண்குரல். கல்லறை மேட்டில் பெண்குரல் கேட்டுச் சில தலைகள் திரும்பின.

"ஹலாலாக்கித் தர்றீங்களா?"

காற்று பச்சைத் துணியைத் தூக்கிவிட்டுப் போட்டது. வலது ஓரத்தில் யாரோ இருமினார்கள். உலைத் தூசு ஏறிய இருமல்; ரசிம் அதை எந்தக் கூட்டத்திலும் அடையாளம் காண்பார்.

"நான் குடுத்துட்டேன்" என்றார் ஃபிக்ரெத். பிறகு யாரையும் பார்க்காமல், "அவ எனக்குக் குடுத்தாளான்னு யார்கிட்ட கேக்கறது?" என்றார்.

அதற்கு வழக்கத்தில் பதில் இல்லை. இமாம் ரசிமைப் பார்த்தார். பின்வரிசைகளிலிருந்து, ஒவ்வொன்றாக, சீரில்லாமல், "ஹலால்" வந்துகொண்டிருந்தது. எல்லாரும் சொல்லவில்லை. இருவர் வேலிப் பக்கம் நடந்து போய்விட்டார்கள். ரசிம் தன் வரிசையில் அரையடி விலகி நின்றார். ஃபிக்ரெத் வந்து அந்த இடத்தில் நின்றார். இருவரும் சேர்ந்து சந்தூக்கின் முன்பக்கத்தைத் தூக்கினார்கள்.

ரசிம் குழிக்குள் இறங்கி மகளைக் கைநீட்டி வாங்கினார். அவ்வளவு எடை குறைந்திருப்பாள் என்று அவர் நினைக்கவில்லை. உடலுக்கு மேலே சாய்வாகப் பலகைகளை அடுக்கினார்கள். அவரை மேலே இழுத்துவிட்டார்கள்.

மண் தள்ளத் தொடங்கினார்கள். இந்த வேலையில் மண்வாரியை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கொடுப்பதில்லை. கீழே வைக்க வேண்டும், அடுத்தவர் எடுக்க வேண்டும். ஃபிக்ரெத் மற்றவர்களைவிட அதிக நேரம் தள்ளினார். மண்ணை வீசவில்லை, சத்தம் வராமல் சரியவிட்டார். அவருக்கு மூச்சு வாங்கியது. அடுத்து நின்ற ஓக்னியென் கை நீட்டினான். ஃபிக்ரெத் தலையசைத்துவிட்டு மண்வாரியைத் தரையில் வைத்தார். அவன் புரிந்துகொண்டு குனிந்து எடுத்தான், தள்ளினான், வைத்தான். அவனுக்கு அடுத்து, வரிசையில், தியானா நின்றிருந்தாள். குனியலாமா என்று தெரியாமல் கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். ஆண்கள் அவளையே பார்த்தார்கள். ஓரமாகப் போய் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஃபிக்ரெத் திரும்பி வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மண்வாரியின் பிடி அவள் பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்துவிட்டுப் போனார்.